ஒரே வீட்டுக்கு இரண்டு வரிசை

சீர்திருத்தம் என்று சொல்லி வெள்ளைக்காரன் எங்களுக்கு ஓட்டுக் கொடுத்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாக அடங்கவில்லை.

நான் ரங்கூனில் பிறந்த தமிழன், ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. என் மனைவி பர்மாக்காரி. லான்மடாத் தெருவில் அவளுக்குச் சொந்தமாக ஒரு கைலிக் கடை இருந்தது. முனிசிபல் வரியையும் தன் பேரில்தான் கட்டிவந்தாள். வரி கட்டுகிறவர் பெண்ணானாலும் ஓட்டு உண்டு; அதனால் புதிய சட்டசபைத் தேர்தலில் என்னைப் போல அவளுக்கும் ஓட்டு இருந்தது. ஆனால் எனக்கு இந்தியர் தொகுதி, அவளுக்குப் பொதுத் தொகுதி. ஒரே பானைச் சோற்றைத் தின்கிறவர்களை எந்த நியாயத்தில் இப்படிப் பிரித்தார்களோ.

இந்தியர் தொகுதிக்கு நின்றவர்களில் ஒருவர் எங்கள் ஆட்கள் நடுவே பெரிய மனிதர், அரிசி ஆலை முதலாளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஓட்டுக் கேட்க வீட்டுக்கு வந்தார். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, "இங்கெல்லாம் வாயில வைக்காதீங்க" என்று கூட வந்தவர்களிடம் சொன்னார்.

அவள் தமிழிலேயே கேட்டாள். "தண்ணிகூடக் குடிக்காத வீட்ல ஓட்டு மட்டும் எப்படிக் கேக்குறீங்க?"

அவர் என்னைப் பார்த்து, "நம்ம இனம் ஒத்துமையா இருக்கணும் தம்பி" என்று சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, அங்கே விளையாடிக்கொண்டிருந்த என் மகளை, ஏதோ அந்நியப் பிள்ளை போல 'அந்தக் குழந்தை' என்றார். அவர் படி இறங்குமுன் கதவைச் சாத்தினேன்.

தேர்தலன்று இருவரும் சேர்ந்தே நடந்தோம். ஓட்டுச்சாவடி ஒரு பள்ளிக்கூடத்தில். அதன் வாசலில் கைத்தறிச் சட்டை போட்ட பர்மிய இளைஞர்கள் நின்றிருந்தார்கள். இந்தச் சட்டசபை அடிமைகளுக்குப் போட்ட எலும்பு, யாரும் ஓட்டுப் போடாதீர்கள் என்பது அவர்கள் கட்சி. அதில் எனக்கும் பாதி சம்மதம்தான். ஆனால் அவர்களில் ஒருவன் என் மனைவியைப் பார்த்து, "கலாவைக் கட்டிக்கிட்டவளுக்கு நாடு எங்கே ஞாபகம் இருக்கும்?" என்றான். இந்தியர்களை இளப்பமாகக் குறிக்க அவர்கள் சொல்லும் வார்த்தை கலா. நான் முன்னால் போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் பொறந்த ஊருல என்னைக் கேக்காமலே எல்லாரும் எனக்காகப் பதில் சொல்றீங்க" என்று அவனிடம் பர்மியத்தில் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே ஒரு தமிழ்க் குமாஸ்தா எங்களைப் பிரித்து நிறுத்தினார். நான் இடது பக்கம், அவள் வலது பக்கம்.

"எங்க பொண்ணு வளந்தா எந்த வரிசையில நிக்கும்?" என்று அவரிடம் கேட்டாள்.

"தகப்பன் என்ன இனமோ அதும்மா."

"பெத்தது நான்."

"சட்டம் அப்படித்தாம்மா. நான் என்ன பண்றது?"

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அப்படி எழுதி வைத்தவன் மேல்தான். என் முறை வந்தபோது சீட்டைப் பார்த்தேன். தேநீரைத் தொடாதவர் பேரும், அவரைப் போலவே இன்னொரு முதலாளி பேரும்தான் அதில் இருந்தன. ஒன்றும் குறிக்காமல் மடித்துப் பெட்டியில் போட்டேன். அவள் தன் ஓட்டைப் போட்டுவிட்டு வந்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அந்த இளைஞர்கள் தடுத்தும் ஓட்டுப் போட்டதற்கு அவள் விலை கொடுத்தாள். மறுநாள் முதல் தெரிந்த பர்மியப் பெண்கள்கூட அவள் கடையைத் தாண்டிப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். ஆலை முதலாளி ஜெயித்தார். எங்கள் தமிழர் சங்கத்தில் அவருக்கு மாலை போட்ட கூட்டத்தில் நான் எழுந்து, சட்டசபையில் என் மகளுக்காகவும் நீங்கள் பேசுவீர்களா என்று கேட்டேன். உட்காரச் சொன்னார்கள். உட்காராமல் வெளியே வந்தேன். அந்தச் சங்கத்துக்கு மறுபடி போகவில்லை.

அதன்பின் ஆபீஸ் விட்டதும் நேராக அவள் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். தாண்டிப் போகிறவர்களை முகத்துக்கு நேரே பார்த்தேன். "இப்படி முறைச்சா வர்ற ரெண்டு பேரும்கூட வரமாட்டாங்க, வீட்டுக்குப் போங்க" என்பாள். நான் போகவில்லை.

மழைக்காலம் பிடிப்பதற்குள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், ஒன்றுமே நடக்காதது போல விலை பேசினார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை. நான் எதிர்பார்த்தேன்.