தாஜ்மகாலில் பார்க்கிங் கொஞ்சம் தூரம்

எங்கள் எதிர் வீட்டு மொட்டைமாடியில் ஒரு விமானம் நிற்கிறது. சிமெண்ட் விமானம். வெள்ளையும் சிவப்பும் அடித்து, வாலில் ஓர் இலையை வரைந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். உள்ளே பயணிகள் கிடையாது, தண்ணீர்தான். அது அந்த வீட்டின் தண்ணீர்த் தொட்டி. பஞ்சாபில் பிள்ளைகள் வெளிநாடு போன வீடுகளில் விமானம், கப்பல், கால்பந்து என்று இப்படித் தொட்டி கட்டிக்கொள்வது ஒரு பெருமை. எதிர் வீட்டு சர்தார்ஜியின் மகன் கனடாவுக்குப் போனதும், அவர் அந்தப் பெருமையை தில்லி ஜனக்புரிக்கும் கொண்டுவந்துவிட்டார். ஊரில் இருக்கும் நீங்கள் காலையில் ஜன்னலைத் திறந்தால் வேப்பமரமோ பக்கத்து வீட்டுச் சுவரோ தெரியும். நான் இத்தனை வருடமாக ஒரு விமானத்தைப் பார்த்தபடிதான் துணி காயப்போடுகிறேன். வந்த புதிதில் சிரிப்பாக இருந்தது. இப்போது அது இல்லாத மொட்டைமாடியைப் பார்த்தால்தான் ஏதோ குறைகிறது.

போதாக்குறைக்கு, சமீபகாலமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். வினோத வீடுகளைப் பார்க்கும் நடைச் சுற்றுலாவாம். காசு கொடுத்து வந்து, அடுத்தவர் வீட்டை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். சட்டையில் மைக் மாட்டிய தாடிக்காரப் பையன்தான் வழிகாட்டி. விமானத்தை முடித்துவிட்டு எங்கள் வீட்டு வாசலுக்கும் வருவான். "இது தென்னிந்திய வீடு. எறும்புகள் சாப்பிடுவதற்காகத் தினமும் விடிகாலையில் அரிசி மாவால் கோலம் போடுவார்கள்" என்று இந்தியில் சொல்வான். எல்லோரும் குனிந்து படம் எடுப்பார்கள். அது கரோல்பாக் கடையில் வாங்கிய ஸ்டிக்கர் கோலம். எறும்பு வந்தால் பசியோடுதான் திரும்ப வேண்டும். நான் கதவுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நிற்பேன். நாலு பேருக்கு நடுவே தமிழ்ப் பண்பாட்டை எதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டும்?

சுற்றுலா என்ற சொல்லோடு எனக்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு. என் அப்பா விருதுநகரில் டூரிஸ்ட் பஸ் டிரைவர். நவகிரகக் கோயில்கள், சபரிமலை, பள்ளிக்கூட எக்ஸ்கர்ஷன், சமையல்காரரையும் சாம்பார்ப் பொடியையும் ஏற்றிக்கொண்டு போகும் காசி யாத்திரை என்று அவர் ஓட்டாத சுற்றுலா இல்லை. திருவிழா மாதங்களில் ஆர்க்கெஸ்ட்ரா வேனும் ஓட்டுவார். பாடகர்கள், கீபோர்டு, டிரம்ஸ், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிகள் எல்லாவற்றோடும் இன்றைக்கு ஓர் ஊர், நாளைக்கு ஓர் ஊர் என்று போவார்கள். மேடையில் கச்சேரி உச்சத்தில் இருக்கும்போது அப்பா மேடைக்குப் பின்னால் வேனில் படுத்துத் தூங்குவார். விடிந்ததும் பாடகர் ஆசையாக, "அண்ணே, நேத்து கச்சேரி எப்படிண்ணே?" என்று கேட்பாராம். "ஜெனரேட்டர் நல்லா ஓடுச்சுய்யா" என்பாராம் அப்பா.

எங்களுக்கும் அதே கதிதான். காசிக்குப் போய்விட்டு வந்தவரிடம் அம்மா, "காசி எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டாள். அப்பா நன்றாக யோசித்துவிட்டு, "நல்ல எடம். நெழல் இருக்கு, தண்ணி வசதி இருக்கு. வண்டி திருப்பத்தான் எடம் பத்தாது" என்றார். தாஜ்மகால்? "அங்க பார்க்கிங் கொஞ்சம் தூரம்." அவ்வளவுதான். பயணிகள் இறங்கிப் போனால் டிரைவர் வண்டியோடு இருப்பார். இந்தியாவின் புகழ்பெற்ற இடங்கள் எல்லாவற்றுக்கும் போய், எதையும் பார்க்காமல் திரும்பிய மனிதர் அவர். எங்களை ஒரு தடவைகூட எங்கேயும் கூட்டிப் போனதில்லை. ஊரில் எல்லோர் வீட்டுப் பிள்ளைகளும் அவர் ஓட்டிய பஸ்ஸில் கொடைக்கானல் பார்த்தார்கள், நாங்கள் பார்க்கவில்லை. எனக்கு மத்திய அரசு வேலை கிடைத்து தில்லிக்கு ரயிலேறியதுதான் என் வாழ்வின் முதல் நெடும்பயணம். அதிலிருந்து இன்னும் திரும்பவில்லை.

போன வருடம் அம்மா இறந்துபோனாள். விருதுநகர் வீட்டில் அப்பா தனியாக இருந்தார். எனக்கு இரண்டு வாய் சோறு இறங்கவில்லை. அவரை எப்படியாவது என்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். என் கணவர் வேலை மாற்றலாகிப் போபாலில் இருக்கிறார். வீட்டில் நானும் கல்லூரியில் படிக்கும் மகள் ரியாவும்தான். ஜனக்புரியில் எல்லோரும் செய்வதுபோல நானும் பால்கனியை மூடி ஓர் அறையாக்கினேன். மூன்று பக்கமும் கண்ணாடி, குளிருக்கு ஹீட்டர், சுவரில் முருகன். டிசம்பரில் அப்பா வந்தார். போக ஒன்று, திரும்பி வர ஒன்று என்று இரண்டு டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டுதான் வந்தார். பொங்கல் முடிந்து திரும்புவதாகத் திட்டம். அந்த இரண்டாவது டிக்கெட்டை அவர் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லவைப்பதுதான் என் திட்டம்.

அறையைக் காட்டினேன். சுற்றிலும் பார்த்தார். "எதுக்குத்தா இம்புட்டுக் கண்ணாடி? டிரைவர் கேபின் மாதிரி இருக்கு" என்றார். அது பாராட்டா புகாரா என்று விளங்கவில்லை.

சரி, ஊர் பிடித்துப்போனால் அறையும் பிடித்துவிடும் என்று நினைத்தேன். தினம் ஒரு சுற்றுலா வைத்தேன். ரியாதான் வழிகாட்டி. அவளுடைய தமிழ் பாதி வழியில் இந்திக்குத் தாவிவிடும். "தாத்தா, ஜல்தி வாங்க, மெட்ரோ மிஸ் ஆயிடும்" என்று இழுத்துக்கொண்டு ஓடுவாள். குதுப் மினாரை அப்பா ஒரு நிமிடம் பார்த்தார். வாசலில் நின்ற பஸ்களைக் கால்மணி நேரம் பார்த்தார். லோதி ரோடு பக்கம் என் அலுவலகத்தைக் காட்டியபோது மட்டும் கட்டடத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "இங்கயா இத்தன வருசமா வாரே?" என்றார். நான் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அப்படியே, "பார்க்கிங் எப்படிப்பா?" என்று கேட்டுவைத்தேன். "மோசம்" என்றார்.

கடைசியில் ஆக்ராவுக்கு பஸ்ஸில் இடம் பிடித்தேன். அப்பாவுக்கு முன்சீட்டு. ஆக்ராவில் பஸ்ஸை நிறுத்தும் இடத்திலிருந்து தாஜ்மகால் வாசல்வரை பாட்டரி வண்டியில் போக வேண்டும். கூட்டத்தில் இரண்டு வண்டிகளில் ஏறினோம். அப்பா ரியாவோடு இருக்கிறார் என்று நான் நினைத்தேன். என்னோடு இருக்கிறார் என்று ரியா நினைத்தாள். வாசலில் பார்த்தால் ஆளைக் காணோம். செல்போனை எடுக்கவில்லை. ரியாவை உள்ளே போகச் சொல்லிவிட்டு, நான் திரும்பி ஓடிவந்தேன். ஒருவேளை கீழே விழுந்திருப்பாரோ, வேறு கூட்டத்தோடு போய்விட்டாரோ என்று என்னென்னவோ நினைப்பு. அவர் பஸ் நிழலில் சாக்கு விரித்துச் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

"ஏம்ப்பா எறங்கி வரல?" என்று கத்தினேன்.

"எறங்குனேன்த்தா. எல்லாரும் போயிட்டாக. வண்டிக்கு ஆள் வேணும்ல?"

"வண்டிக்குத்தான் டிரைவர் இருக்காருல்ல!"

"அவரு டீ குடிக்கப் போயிருக்காரு" என்றார் அப்பா, இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

கோபத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குள், நான் ஓடிவந்ததைப் பார்த்துவிட்ட ஹரியானாக்கார டிரைவர் மூன்று டீயோடு வந்தார். அப்பாவுக்குச் சாலை இந்தி மட்டும் தெரியும். டீசல், பஞ்சர், எவ்வளவு தூரம் என்று கேட்க கித்னா கிலோமீட்டர், முன்னால் நெரிசல் என்று சொல்ல ஆகே ஜாம் ஹை. அதை வைத்துக்கொண்டே இருவரும் ஏற்கனவே உறவு கொண்டாடியிருந்தார்கள். நான் கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைச் சாக்கில் உட்கார்ந்தே மூவரும் சாப்பிட்டோம். டிரைவர் விரலை நக்கிவிட்டு, "பஹுத் படியா, தீதி", பிரமாதம் அக்கா, என்றார். அப்பா என் பக்கம் சாக்கை இழுத்துவிட்டு, "வெயில் வருது, இங்கிட்டு வா" என்றார். ரியா மட்டும் உள்ளே போயிருந்தாள்; அப்பாவும் நானும் தாஜ்மகாலைப் பார்க்கவில்லை. ஆனால் சிறு வயதிலிருந்து நான் ஏங்கிய சுற்றுலா இதுதான் என்று அப்போது தெரிந்தது. நான் எந்தக் கொடைக்கானலுக்கும் ஆசைப்படவில்லை. அவர் வண்டி நிழலில் எனக்கும் கொஞ்சம் இடம் வேண்டியிருந்தது.

அதன்பிறகு நான் சுற்றுலாவை நிறுத்திவிட்டேன். அப்பா தானாகவே ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். எதிர் வீட்டு மொட்டைமாடி. ஒருநாள் விமானத்தை அருகில் போய்ப் பார்க்க ஏறியவர், தினமும் ஏறத் தொடங்கிவிட்டார். குளிர்கால வெயிலில் கயிற்றுக் கட்டில் போட்டு, வேர்க்கடலையை உடைத்துக்கொண்டு சர்தார்ஜியும் அவரும் உட்கார்ந்திருப்பார்கள். இவர் தமிழில் பேசுவார், அவர் பஞ்சாபியில் பதில் சொல்வார். இருவருமே மற்றவர் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். நான் இவ்வளவு ஒற்றுமையை எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைச் சுற்றுலாக் கூட்டம் கீழே வந்தபோது வழிகாட்டிப் பையன் மேலே கைகாட்டி, "அதோ, அவர் ஓய்வுபெற்ற பைலட்" என்று அறிவித்தான். சர்தார்ஜியின் வேலை. என் நண்பர் பெரிய வண்டி ஓட்டியவர் என்று அவர் பெருமையடித்ததைப் பையன் விமானத்தோடு சேர்த்துக்கொண்டுவிட்டான். எல்லாக் கேமராக்களும் அப்பா பக்கம் திரும்பின. அப்பா எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கையசைத்தார். ரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்புதான். கூடவே, இனி இவர் போக மாட்டார் என்று ஒரு தைரியமும் வந்தது.

அந்தத் தைரியத்தில்தான் டீ எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். சர்தார்ஜி என்னை மொழிபெயர்க்க உட்கார்த்திவைத்தார். "மிச்ச சாமான்களை எப்போது கொண்டுவரப் போகிறார் என்று உன் அப்பாவைக் கேள்" என்றார். ஆளைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. அப்பா ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அவரு மகன் கனடாவுக்குக் கூப்பிடலையான்னு கேளு" என்றார்.

சர்தார்ஜி பெரிதாகச் சிரித்தார். "வாரா வாரம் கூப்பிடுகிறான். அறை தயார், ஹீட்டர் தயார். நான் விருந்தாளியாக வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். விருந்தாளியாகப் போனால் மகன் லீவு போட்டு ஊர் காட்டுவான். தங்கிவிட்டால், நான் இருமும்போது கடிகாரத்தைப் பார்ப்பான். இங்கே பால் வாங்கப் போனால் சண்டை போட நாலு பேர் இருக்கிறார்கள். கனடாவில் என்னோடு யார் சண்டை போடுவார்கள்?"

நான் ஒரு வார்த்தை விடாமல், ரசித்து ரசித்து, சண்டைக்கு உரிய முகபாவத்தோடு அதைத் தமிழில் சொன்னேன். அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார். காலி கிளாஸ்களோடு பாதிப் படி இறங்கிய பிறகுதான் உறைத்தது. எனக்கு எதிரான வழக்கை நானே வாதாடிவிட்டு வந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அப்பா சொன்னார்: "பொங்கல் முடிஞ்சு டிக்கெட் இருக்குல்ல தாயி. அதுலயே போயிர்றேன்."

"அப்ப அந்த ரூம் எதுக்குப்பா கட்டுனேன்?"

"வந்தா தங்கத்தான். வருசா வருசம் வாரேன். விருந்தாளியா வந்தா நீயும் லீவு போடுவேல்ல?"

"அங்க யாருப்பா இருக்கா உங்களுக்கு?"

"வண்டி ஸ்டாண்டுல நாலு பேரு இருக்கான், சண்டை போட" என்றார். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று சமையலறைக்குப் போய்விட்டேன். சர்தார்ஜி மேல் வந்த கோபத்தில் ஒரு வாரம் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

பொங்கல் முடிந்த அடுத்த நாள் நிஜாமுதீன் ஸ்டேஷனில் அவரை ரயிலேற்றினோம். ரியா தாத்தாவைக் கட்டிக்கொண்டுவிட்டு ஆட்டோ பிடிக்க முன்னால் போனாள். நான் பெட்டியைச் சீட்டுக்கடியில் தள்ளினேன், தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கையில் கொடுத்தேன், மறுபடி வாங்கிப் பையில் வைத்தேன். இறங்க மனம் வரவில்லை. "வேணும்னா அடுத்த வாரம் போலாம்ப்பா, டிக்கெட்டை மாத்திரலாம்" என்று ஆரம்பித்தேன். ரயில் லேசாகக் குலுங்கியது. அப்பா என் முழங்கையைப் பிடித்துக் கதவுவரை கூட்டிவந்தார்.

"எறங்குத்தா. ஒன் ஊரு இதான். எறங்கு."

எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேரை இறக்கிவிட்ட குரல் அது. இறங்கிவிட்டேன். என்னை தில்லியில் இறங்கச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அதுவரை நானாக இறங்கியிருந்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

ரயில் போய்விட்டது. நான் நகராமல் நின்றேன். பக்கத்தில் ஓர் ஆள் வந்து கையில் இருந்த அட்டையை நீட்டினான். "மேடம், தில்லி தர்ஷன்? குதுப், லால் கிலா, இந்தியா கேட், எல்லாம் ஒரே நாளில்." வேறு நாளாக இருந்தால் இந்தியில் நாலு வார்த்தை கொடுத்து விரட்டியிருப்பேன். அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டேன். அவனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"எங்கிருந்து வருகிறீர்கள், மேடம்?"

"ஜனக்புரி" என்றேன்.

கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து, அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த குடும்பத்தைத் தேடிப் போனான். நான் உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் சொல்லும்போது என் கண் முழுக்கத் தெற்கே போன தண்டவாளத்தின் மேல் இருந்தது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை.