அண்ணன் போட்டுப் பார்த்த களிம்பு

மாடிக் கசிவு அடைக்கும் வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வீட்டுக்காரர் ஒழுகும் இடத்தைக் கைகாட்டினால் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். தளம் முழுவதையும் சுற்றி வந்துவிட்டு, "ஒழுகுறது இங்க சார், ஓட்டை எங்கயோ இருக்கு. ஒட்டுப் போட்டுட்டுப் போனா அடுத்த மழைக்கு என்னைத்தான் திட்டுவீங்க" என்பார். பழைய பூச்சைச் சுரண்டி எடுக்காமல் ரோலரைத் தொட்ட கூலியாள் அன்றைக்குத் தொலைந்தான். தலையில் ஒரு முடி கிடையாது, பிழைப்போ மாடியில். ஆகவே கூலியாட்கள் வைத்த பெயர் மொட்டைமாடி. அது காதுக்கு வந்தபோது, "பொருத்தமாத்தாண்டா வச்சிருக்கீங்க" என்று சிரித்துவிட்டார்.

தொப்பி போடுங்கள் என்று மனைவி சொன்னால் மட்டும் சிரிப்பு வராது. வியர்த்து அரிக்கிறதாம். அவருக்கும் தம்பிக்கும் அப்பா விட்டுப்போன சொத்து வெளுத்த தோல் ஒன்றுதான். அதைக் கொண்டுபோய் இரண்டு பேரும் ஒன்றாகவே மாடி மாடியாக முப்பது வருஷம் வெயிலில் காயப்போட்டார்கள். அண்ணனுக்கு உச்சந்தலையில் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகத் திட்டுகள் வந்தன. துண்டால் துவட்டினால் நூல் மாட்டும். தம்பிக்கு அதே சொரசொரப்பு நெற்றிப்பொட்டிலும் காது மடலிலும்.

தோல் டாக்டர் அம்மா முதலில் அண்ணனின் திட்டுகள் மேல் திரவ நைட்ரஜனைப் பீய்ச்சி உறையவைத்தார். ஐந்து நிமிட வேலை. கொப்புளம் வந்து காய்ந்து உதிர்ந்தது. மறுநாளே மாடி ஏறிவிட்டார். சில மாதத்தில் பக்கத்திலேயே புதிதாக இரண்டு முளைத்தன. மறுபடி உறையவைத்தார்கள், மறுபடி முளைத்தன. ஊரார் வீட்டுத் தளத்துக்கு ஒட்டுப் போடக் கூடாது என்பவர், தன் தலைக்கு மூன்று வருஷம் ஒட்டுப் போட்டே ஓட்டினார்.

"இது இன்னும் கேன்சர் இல்ல. விட்டா ஆகலாம்" என்றார் டாக்டர். "ஒண்ணு ரெண்டு இருந்தா உறையவச்சாப் போதும். உங்களுக்குத் தலை பூரா வெயில் இறங்கியிருக்கு. களிம்பு தரேன், மெல்லிசா தடவணும், நாலு வாரம். கண்ணுக்குத் தெரியாததையும் அது தேடிப் பிடிக்கும். சிவக்கும், பொருக்கு கட்டும், பார்க்கச் சகிக்காது. பயந்து விட்டுடாதீங்க."

"வேற வழி இல்லையாம்மா?"

"மருந்து தடவி லைட்டுக்கு அடியில உட்காரவைக்கிறது இருக்கு. சீக்கிரம் முடியும். ஆனா நல்லா எரியும். ரெண்டு நாள் வெளிச்சம் படாம வீட்டுக்குள்ள இருக்கணும்."

கூடவே வந்திருந்த தம்பியின் காதையும் அவர் திருப்பிப் பார்த்தார். அவனுக்கும் அதே களிம்புதான் என்றார், காதை மட்டும் அலட்சியமாக விடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். தம்பி சின்ன வயதிலிருந்தே அப்படி. செருப்பு வாங்குவதென்றால்கூட அண்ணன் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

"அண்ணே, நீ போட்டுப் பாரு. உனக்குச் சரிப்பட்டா நானும் போடுறேன்."

மழைக்காலம் வந்தது, மாடி வேலை நின்றது. மொட்டைமாடி களிம்பைத் தொடங்கினார். இரண்டாவது வாரம் தலை சிவந்து பொருக்குக் கட்டியது. கண்ணாடியில் அதைப் பார்த்ததும் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. உரிகிற பரப்பின் மேல் எது பூசினாலும் பிடிக்குமா? குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மனைவி பாதம் தேய்க்கும் கல்லால் பொருக்கையெல்லாம் சுரண்டி எடுத்தார். மேலே களிம்பைத் தடிமனாகப் பூசினார். காய்ந்ததும் இன்னொரு கோட். எரிச்சலில் கண்ணில் நீர் கொட்டியது. மருந்து வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் அதையே செய்தார். அறிவுகெட்ட மனுஷன்.

சீழ் பிடித்தது, காய்ச்சல் வந்தது. டாக்டர் தலையைப் பார்த்ததுமே கேட்டுவிட்டார். "எதால சுரண்டினீங்க?" மொட்டைமாடி மென்று விழுங்கிச் சொன்னார். "மருந்து மேல தப்பே இல்ல. சுரண்டினது தப்பு, அள்ளிப் பூசினது தப்பு" என்று டாக்டர் வறுத்தெடுத்தார். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

வீட்டில் தம்பி காத்திருந்தான். கட்டுப்போட்ட தலையைப் பார்த்து அவன் முகம் செத்துவிட்டது. "என்னண்ணே இது?"

டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்காமல் பூசினான் என்று எத்தனை கூலியாட்களை விரட்டியவர் அவர்! அவர்களோடு சேர்த்துத் தம்பியும்தான் அந்தக் கத்தலைக் கேட்டிருக்கிறான். அந்த வாயால் எப்படிச் சொல்வது?

"அது களிம்பு இல்லடா, விஷம். கிட்டப் போகாத" என்றார்.

புண் ஆறியபின் அவர் லைட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தார். நெருப்பை அள்ளிக் கொட்டியதுபோல எரிந்தது என்று அதையும் வந்து சொன்னார், அது உண்மை. தலை சுத்தமாகிவிட்டது. தம்பியோ, "களிம்பும் வேணாம், லைட்டும் வேணாம். எனக்கு வலிக்கவா செய்யுது?" என்று டாக்டர் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று அண்ணனுக்குப் பல தடவை தோன்றியது. தோன்றியதோடு சரி. நாள் போகப் போக, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்து அல்லவா பதில் சொல்ல வேண்டும்!

காது மடலில் இருந்தது தடித்து, ரத்தம் கசிந்து, கடைசியில் கேன்சர் என்று சொன்னார்கள். மேல்காதை வெட்டி எடுத்தார்கள். கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது, அதையும் திறந்து எடுத்தார்கள். இன்னும் எங்கே போயிருக்கிறதோ, பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தம்பி பாதித் தலைக்குக் கட்டோடு படுத்திருந்தான். அண்ணனைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டான். கழுத்தில் கத்தி வைத்ததில் வாய் கோணித்தான் பேச்சு வந்தது.

"டாக்டரம்மா திட்டுறாங்கண்ணே. அப்பவே களிம்பு போட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதாம். அவங்களுக்கு என்ன தெரியும்? நீ பட்ட பாட்டை நான் கண்ணால பாத்தவன். நல்லவேளை, நீ இருந்த."

மொட்டைமாடி உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். தம்பி இன்னும் முடிக்கவில்லை.

"என் பெரியவனுக்கும் நெத்தியில சொரசொரன்னு வந்திருக்கு. அவனுக்கும் அதே களிம்பை எழுதிக் குடுத்திருக்காங்க. நான் சொல்லிட்டேன், எதுவா இருந்தாலும் பெரியப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுடான்னு. சாயங்காலம் உன்கிட்ட வருவான். நீ எடுத்துச் சொல்லு, என்ன?"

"சரிடா" என்றார் அண்ணன்.