அம்மா சொன்ன ஊர்ப்பெயர்

நினைவு மலர் என்றால் பிறந்த ஊரில்தான் தொடங்குவார்கள். அந்த ஒரு வரிக்காக எங்கள் வீட்டில் மூன்று நாள் சண்டை நடந்தது. "கொள்ளேகால்னு போட்டா என்ன கொறஞ்சு போச்சு? உன்ற மகளுக்கு வரன் பாக்கற நேரம்" என்றார் பெரிய மாமா. எங்கள் நல்லதுக்குத்தான் சொன்னார். இருந்தாலும் எழுதுகிறேன்: எங்கள் அம்மா பிறந்தது காவிரிக்கரைக் காட்டோரக் கோபிநத்தத்தில், ராகி விதைத்த குடும்பத்தில்.

மணமாகி அவர் மைசூருக்கு வந்தது, அதே ஊரில் பிறந்த சந்தனக் கடத்தல்காரனைப் போலீஸ் காட்டில் தேடிக்கொண்டிருந்த காலம். அந்த ஊர்ப்பெயரைக் கேட்டாலே இங்கே பலருக்கு முகம் மாறும். அம்மா பக்கத்து நகரமான கொள்ளேகாலையே ஊராகச் சொல்லிவந்தார். "ஆராச்சும் கேட்டா கொள்ளேகால்னு சொல்லீரு கண்ணு" என்று எனக்கும் பாடம். ஏன் என்று சொன்னதில்லை. என் பள்ளிச் சான்றிதழிலும் அதுதான் இருக்கிறது.

அப்பா சீக்கிரம் போய்விட்டார். மைசூர் அக்ரஹாரம் வட்டாரத்தில் ஜாக்கெட் தைத்தே என்னையும் தம்பியையும் ஆளாக்கினார் அம்மா. மகா பிடிவாதக்காரர். ஜாக்கெட்டின் கை ஒரு நூல் இறுக்கமாக இருந்தாலும் பிரித்துத் திரும்பத் தைக்காமல் எழுந்திருக்க மாட்டார்.

தைக்கக் கொடுக்க வந்த டீச்சரம்மாதான் விஜயநகரில் தம் வீட்டு மாடியில் நடக்கும் சனிக்கிழமை பஜனைக்கு அழைத்தார். அங்கே ஒரு வழக்கம். பாட்டு முடிந்ததும் கைத்தாளம் வரிசையாகக் கைமாறும். வாங்கியவர் தம் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு, வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லலாம். கன்னடமோ தமிழோ, வாய்க்கு வந்த மொழியில். யாரும் குறுக்கே பேசக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது.

மூன்று வருடம் அம்மா தாளத்தை வாங்கிய கையோடு பக்கத்தில் கொடுத்துவிடுவார். ஊரைச் சொல்ல வேண்டுமே! சாமி படத்துக்கு முன்னால் பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை, கட்டட வேலை செய்யும் இளம்பெண் ஒருத்தி புதிதாக வந்தாள். தாளம் கைக்கு வந்ததும், "கொள்ளேகால் பக்கமுங்க" என்றவள் தலை குனிந்துகொண்டாள். அந்தப் பதிலும் அந்தத் தலைகுனிவும் அம்மாவுக்குத் தெரியாததா?

"இங்க குடு கண்ணு" என்று தாளத்தை வாங்கினார். "என்ற ஊரு கோபிநத்தமுங்க. இத்தன வருசமா பயந்துட்டு மாத்திச் சொன்னேன். இனி மாத்த மாட்டேன்" என்று தொடங்கினார். குடிபோன நாலாம் நாள் ஊர் எது என்று கேட்ட வீட்டுக்காரர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டது, கைக்குழந்தையான என்னோடும் தையல் மிஷினோடும் தெருவில் உட்கார்ந்திருந்தது, எல்லாம் சொன்னார். பக்கத்திலிருந்த நானே அன்றுதான் கேட்டேன். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

அந்தப் பெண் நகர்ந்து வந்து அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். "நானும் அங்கதானுங்கக்கா" என்றாள். படியிறங்கும்போது டீச்சரம்மா, "அடுத்த வாரமும் வாங்க அம்மா, மீதியையும் கேக்கணும்" என்றார்.

மறுவாரமே, ஊர்ப்பெயர் காதுக்கு எட்டிய ஒரு வாடிக்கைக்காரர் தைக்காத துணியைத் திரும்ப வாங்கிப் போனார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போறவங்க போகட்டும் கண்ணு. நாம எங்கயும் போறதில்ல" என்று அம்மா மிஷினை மிதித்தார்.

கடைசி நான்கு மாதம் படுக்கையில் கழிந்தது. பஜனைக்காரர்கள் சனிக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். பேச்சு நின்ற பிறகும் தாளத்தை அம்மாவின் கையில் வைத்து, அவராகக் கொடுக்கும்வரை காத்திருந்தார்கள். அவர்களுக்கும், தினமும் வந்து அம்மாவுக்குத் தலைவாரிவிட்ட அந்தப் பெண்ணுக்கும், வைத்தியம் பார்த்தவர்களுக்கும், முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி.

பெரிய மாமா கோபித்துக்கொள்ள வேண்டாம். வரன் வீட்டார் கையிலும் இந்த மலரை நானேதான் கொடுப்பேன்.

இப்படிக்கு,
மகள்
ஊர்: கோபிநத்தம்