சவுக்காரம் போட்ட தொட்டில்

எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவில் புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பிள்ளை பார்க்கும் ஆயாவாக இருந்தேன். பால் வெட்டப் போகும் பெண்கள் விடியுமுன்னே குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போவார்கள். எனக்கோ சபையில் முழுநேர ஊழியத்துக்குப் போக ஆசை. அப்பா விடவில்லை. அந்தக் கோபத்தில் மூக்குத் துடைப்பதையும் பீத்துணி அலசுவதையும் தண்டனை போலச் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு எங்கள் போதகர், வீடு பெருக்குவதும் ஊழியம்தான் என்று பிரசங்கித்தார். சும்மா இருப்பேனா? மறுநாளே கொட்டகையை ஆலயமாக்கக் கிளம்பிவிட்டேன். பிள்ளைகள் வீடு திரும்பியதும் தரையைத் தேய்த்தேன். தொட்டில் சேலைகளையெல்லாம் அவிழ்த்துச் சவுக்காரம் போட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே அடித்துத் துவைத்தேன். எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு தாயும் தான் உடுத்திக் களைந்த சேலையில்தான் தன் பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவாள். அதைத் துவைக்கவே மாட்டாள். அழுக்குப் பிடித்த பழக்கம் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அடுத்த நாள் காலை கொட்டகையே அலறியது. மற்றதுகள் அழுது ஓய்ந்தன. பிறந்து சில மாதமே ஆன ஒரு கைக்குழந்தை மட்டும் வீறிட்டுக்கொண்டே இருந்தது.  அதன் தாய் பிரசவம் முடிந்து அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். பிள்ளை அழுகிறது என்று ஏற்கெனவே வேலையை விட்டு ஓடி வந்திருந்தாள். "இன்னொரு தடவ ஓடுனா ஒன் நெரைய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்" என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எல்லார் முன்னாலும் எச்சரித்திருந்தார். நிரை போனால், அவள் வெட்டும் மரங்கள் போயின; சோறும் போனது.

பாடினேன், ஜெபித்தேன், புட்டிப்பால் கொடுத்துப் பார்த்தேன். எதுவும் பலிக்கவில்லை. பக்கத்து நிரையிலிருந்து சத்தம் கேட்டு அவள் ஓடியே வந்துவிட்டாள். பிள்ளையைத் தூக்கினாள், அழுகை நின்றது. குனிந்து தொட்டிலை முகர்ந்தாள்.

"சவுக்காரம் போட்டீங்களாக்கா? என் வாசமே இல்லியே லா. பின்ன எப்படித் தூங்கும்?"

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. ரவிக்கைக்கு மேல் மாட்டியிருந்த நீளக்கைச் சட்டையைக் கழற்றித் தொட்டிலில் விரித்து, பிள்ளையைப் படுக்க வைத்தாள். மரத்தில் வடிந்து உறைந்த ஒட்டுப்பால் ஊறிய சட்டை. நாற்றம் குடலைப் பிடுங்கியது. மூடாத வெறும் கைகளோடு கொசுக்காட்டுக்குள் திரும்ப ஓடினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் ஆண்டவருக்கென்று துவைத்துப் போக்கியதை அவள் உடம்பிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

தாழத் தொங்கிய அந்தத் தொட்டிலுக்கு அருகே முழங்காலிட்டு மெல்ல ஆட்டினேன். பிள்ளைக்குக் கண் சொருகியது. அப்போதுதான் மண்டோரின் மோட்டார் சைக்கிள் தடதடவென்று வாசலில் வந்து நின்றது.  கத்துவதற்கு வாயைத் திறந்தபடி உள்ளே வந்தவர் என்னைப் பார்த்துத் தயங்கினார்.

"ஜெபம் பண்றியாம்மா?" என்றார் தாழ்ந்த குரலில்.

"ஆமாங்கய்யா."

"அவ எங்க?"

"நெரையிலதான் இருக்கா."

தொட்டிலுக்குள் தூங்கும் பிள்ளையை எட்டிப் பார்த்தார். அந்தச் சட்டையையும் பார்த்தார். பிறகு வெளியே போய், வண்டியைக் கிளப்பாமல், செம்மண் சாலையின் வளைவுவரை தள்ளிக்கொண்டே நடந்தார்.