லேப் அக்காவும் மேனேஜரின் நகமும்

வீட்டுக் கதவைத் திறந்ததும் லேப் அக்கா செருப்பைக் கழற்றுவதில்லை. பையை இறக்கி வைப்பதும் இல்லை. ஒரு கை கதவிலேயே இருக்க, கழுத்தைச் சற்றே சாய்த்து உள்ளே காது கொடுத்துக் கேட்கிறாள். ஹாலின் டைல்ஸ் தரையில் டிக், டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம் வர வேண்டும். நான்கு கால்களும் ஒரே சீராக வந்தால் அடக்கி வைத்த மூச்சை விட்டு, "வந்துட்டியா?" என்பாள். ஒரு கால் சற்றுத் தயங்கினாலும் போச்சு, செருப்போடே உள்ளே ஓடுவாள்.

டிக் டிக் என்று நடப்பது மேனேஜர். சாம்பல் நிறப் பூனை, வயசாளி. தான் ஒரு வேலையும் செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவர் வேலையை எல்லாம் மேற்பார்வை பார்ப்பதால் அக்காவின் வீட்டுக்காரர் வைத்த பெயர் அது. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், எந்தக் கூச்சலுக்கும் அசையாதவர். மேனேஜர் அதற்கு நேர்மாறு. குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில், காலிங்பெல் அடித்தால் பீரோவுக்குப் பின்னால், யாராவது தும்மினால் இரண்டில் எது பக்கத்தில் இருக்கிறதோ அங்கே.

அக்காவுக்கு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. வருகிறவர்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டும். கைராசிக்காரி என்று பேர் வாங்கியவள். "அந்த அக்கா எடுத்தா குத்தினதே தெரியாது" என்று அவளுக்காகவே காத்திருந்து கையை நீட்டுகிறவர்கள் உண்டு. பஸ்ஸில் ஏறினால்கூட அவள் யார் முகத்தையும் முதலில் பார்ப்பதில்லை, முழங்கையின் உள்பக்கத்தைத்தான் பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாவைப் பற்றி வீட்டுக்காரர் விசாரித்தபோது, "தங்கமான மனுஷி, பாவம், நரம்புதான் கிடைக்காது" என்றாள்.

லேபில் அவளுக்கு ஒரே வசனம்தான். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தபடி, "ஒண்ணுமில்ல, எறும்பு கடிக்கிற மாதிரி. அந்தப் பக்கம் பாருங்க" என்பாள். எடுத்து முடித்ததும் காய்ந்த பஞ்சு ஒன்றை வைத்து, அவர்கள் கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்து, "இப்படியே பிடிச்சுக்குங்க. உடனே எழுந்திரிக்காதீங்க" என்பாள். ரத்தம் என்றால் அவளுக்குப் பயமே கிடையாது. மேனேஜரின் ரத்தம் என்றால் மட்டும் குலை நடுங்கும்.

மேனேஜருக்கு வயசானதால் நகங்கள் முழுதாக உள்ளே போவதில்லை. அதனால்தான் அந்த டிக் டிக். சத்தம் போடுகிற நகங்களால் அவ்வளவு ஆபத்தில்லை, நடக்க நடக்கத் தேயும். முன்காலில் கொஞ்சம் மேலே, கட்டைவிரல் போல ஒதுங்கி ஒரு நகம் இருக்கிறதே, அதுதான் பொல்லாதது. அது தரையைத் தொடாது, தேயாது, வாயும் திறக்காது. இடது காலில் அது அரிவாள் போல வளைந்து, நுனி திரும்பி, பாதத்துச் சதையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நூல் நுழையும் இடைவெளிதான் பாக்கி.

பூனை டாக்டரிடம் கொண்டுபோன அன்று, மேசையில் வைத்ததுமே மேனேஜர் வாயைப் பிளந்து நாய் போல மூச்சு வாங்கியது. டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார். நகத்தைத் தொடாமலே கையை எடுத்துக்கொண்டார்.

"இதயம் ரொம்ப வீக்கா இருக்கும்மா. இன்னும் கொஞ்சம் பயந்தா இங்கேயே விழுந்துடும். மயக்க மருந்து கொடுக்க எனக்கே தைரியம் வரல. வீட்டுலயே மெதுவா வெட்டிடுங்க."

"வெட்டாம விட்டா டாக்டர்?"

"சதைக்குள்ள இறங்கும். சீழ் பிடிக்கும். இந்த வயசுல அதையும் தாங்காது."

வெட்டப் போனால் பயத்தில் போய்விடும், வெட்டாவிட்டால் சீழ் பிடித்துப் போய்விடும். இந்த இரண்டையும் பூனைக் கூடையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு அவள் வீடு வந்து சேர்ந்தாள்.

முதல் முயற்சி அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அக்கா எதைச் செய்தாலும் முறையாகச் செய்கிறவள். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, விளக்கைப் பக்கத்தில் இழுத்து, மேனேஜரைத் துண்டில் இறுக்கச் சுற்றினாள். கையில் ஸ்பிரிட் தேய்த்துக்கொண்டாள். பாதத்தையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். ஆபத்தான நகத்துக்குப் போகுமுன் பழகிக்கொள்ளலாம் என்று வலது காலில் ஒரு சாதாரண நகத்தைப் பிடித்து, "ஒண்ணுமில்ல, எறும்பு கடிக்கிற மாதிரி. அந்தப் பக்கம் பாரு" என்றாள். மேனேஜர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, அவளையேதான் பார்த்தது. அடுத்த நொடி காலை வெடுக்கென்று இழுத்தது.

பூனை நகத்துக்குள் பாதி தூரம் வரை இளஞ்சிவப்பாக ஒரு சதை ஓடும், ரத்தம் இருப்பது அதில்தான். நகவெட்டி அங்கே போய் மூடிக்கொண்டது. வந்தது ஒரே ஒரு சொட்டு. அக்கா பதறிப்போய், கைப்பழக்கத்தில் அந்த ஸ்பிரிட் பஞ்சையே எடுத்து அதன் மேல் அழுத்தினாள். மேனேஜர் போட்ட சத்தத்தைக் கேட்டு வீட்டுக்காரர் ஷேவிங் நுரையோடு ஓடிவந்தார்.

அன்று மதியம் முழுக்க அவள் தரையில் குப்புறப் படுத்து, கட்டிலுக்கு அடியில் அதன் விலா ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது நின்றுவிடுமோ, இதோ நின்றுவிடுமோ என்று அவளுடைய மூச்சுதான் நின்று நின்று வந்தது. டியூப் டியூபாக ரத்தம் எடுத்து லேபிள் ஒட்டுகிறவள், மேசையில் கிடந்த அந்த ஒரு சொட்டைத் துடைக்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"நீங்க துடைங்க. என்னால பார்க்க முடியாது."

அதற்குப் பிறகு மேனேஜர் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் வருவதை நிறுத்திக்கொண்டது. சாயங்காலம் கதவு திறந்ததும் பழக்க தோஷத்தில் டிக் டிக் என்று ஹால் வரை வரும். நீட்டிய கையை ஒரு முழம் தள்ளி நின்று மோந்து பார்க்கும். காதைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிவிடும். "கோவம் இன்னும் தீரல" என்பாள் அக்கா. வீட்டுக்காரர் வேறு மாதிரி துப்பறிந்து, புது நகவெட்டி ஒன்று வாங்கி வந்தார்.

"பழசு கறுப்பு, அதைத்தான் ஞாபகம் வெச்சிருக்கு. இது பச்சை."

"பூனைக்கு நீங்க கலர் சொல்லிக் குடுத்தீங்களா?"

"ஏன், லேபுக்கு வர்ற குழந்தைகளுக்கு நீ பொம்மை போட்ட பிளாஸ்திரி காட்டி ஏமாத்தறதில்லையா?"

பச்சை நகவெட்டி உறையை விட்டு வெளியே வருமுன்பே மேனேஜர் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது. அது அயர்ந்து தூங்கும்போது தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்ப்பது அக்காவின் வேலையாயிற்று. நூல் நுழையும் இடைவெளி இப்போது நூலும் நுழையாத இடைவெளி ஆகிவிட்டது. லேபில் ஒவ்வொருவர் தோலிலும் ஊசி முனை இறங்கும்போது அவளுக்கு அந்த நகம்தான் கண்ணுக்குள் நின்றது.

இப்படி இருக்கையில் ஒருநாள் காலை ஒரு லாரி டிரைவர் ரத்தம் கொடுக்க வந்தார். ஆள் மலை மாதிரி. நரம்பு ஒவ்வொன்றும் கயிறு கயிறாக ஓடியது, அக்காவின் கண்ணுக்கு விருந்து. ஸ்பிரிட் பஞ்சை வைத்ததுதான் தாமதம், அவர் நெற்றியில் வேர்வை பொடித்தது, கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அண்ணே, நான் ஊசியை இன்னும் கையில எடுக்கவே இல்ல."

"ஊசிக்கெல்லாம் பயப்பட மாட்டேன் சிஸ்டர். கால்ல கண்ணாடி ஏறி தையல் போட்டப்ப பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். இந்த வாசனைதான் ஆகாது. சின்ன வயசுல எங்கப்பா ஆஸ்பத்திரியில கிடந்தாரு. திரும்பி வரல. இது மூக்குல ஏறினாலே யாரோ போகப் போறாங்கன்னு தோணிடுது."

அக்கா பஞ்சைக் கீழே வைத்தாள். தன் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் இழுத்து மோந்தாள். அவளுக்கு ஒரு வாசனையும் வரவில்லை. வருஷக் கணக்காகப் புழங்கி அது அவள் மூக்குக்குச் செத்துப்போயிருந்தது. டாக்டரின் மேசையை, இறுக்கிய துண்டை, வெட்டுப்பட்ட நகத்தில் வைத்த எரிச்சலை எல்லாம் அந்த வாசனையாக விரல் நுனியில் சுமந்துகொண்டு போய்த்தான் தினமும் "வந்துட்டியா?" என்று கை நீட்டியிருக்கிறாள். சுத்தமான கை என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை நினைக்க இப்போது அவளுக்கு அழுகை வந்தது.

லேபில் லீவு சொன்னாள். உடம்பு சரியில்லை என்றாள், யாருக்கு என்று சொல்லவில்லை. தலைக்குக் குளித்தாள். லேப் துணிகளைத் துவைத்து மாடியில் காயப்போட்டாள். வெங்காயம் அரிந்தாள், பூண்டு உரித்தாள், அலமாரியின் அடித்தட்டில் கிடந்த பழைய நைட்டியை எடுத்து உடுத்திக்கொண்டாள். வேன் ஓட்டிவிட்டு வந்த வீட்டுக்காரரின் மூக்கருகே கையை நீட்டினாள்.

"என்ன வாசனை வருது?"

"வெங்காயம்."

"வேற?"

"பூண்டு. ஏன், இன்னிக்கு என்ன சமையல்?"

"வேற ஒண்ணுமே வரலல்ல? நல்லா மோந்து சொல்லுங்க."

மறுநாள் மத்தியானம் அவள் ஜன்னலோரம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். மேசை இல்லை, துண்டு இல்லை. பச்சை நகவெட்டியும், ரத்தம் வந்தால் என்ன செய்வது என்று ஒரு காய்ந்த பஞ்சும் மட்டும் தொடைக்குப் பக்கத்தில். வீட்டுக்காரரை உள் அறையில் உட்கார வைத்து, தும்மல் வந்தாலும் அடக்கிக்கொள்ளச் சொல்லியிருந்தாள். வெகு நேரம் கழித்து டிக் டிக் என்று வந்தது. விரலை மோந்தது. இன்னொரு தடவை மோந்தது. அப்புறம் அவள் தொடையில் முதுகைச் சாய்த்து, வெயிலைப் பார்க்கக் காலை நீட்டிப் படுத்துவிட்டது.

அது கண்ணை மூடும்வரை அவள் அசையவில்லை. இடது பாதத்தைச் சும்மா பிடித்தாள், விட்டாள். மறுபடி பிடித்தாள், விட்டாள். இன்னொரு கையை விலாவில் வைத்து, உள்ளே படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது அடங்கும்வரை காத்திருந்தாள். நுனியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இளஞ்சிவப்பு எங்கே முடிகிறது, அதைத் தாண்டி வெறும் நகம் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தது. "ஒண்ணுமில்ல" என்று நாக்கு நுனி வரை வந்த வசனத்தை விழுங்கிக்கொண்டாள்.

டக்.

பிறை போல ஒரு துண்டு அவள் மடியில் விழுந்தது. மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்து, நடந்த வேலையைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டது. ரத்தம் இல்லை. சதையில் லேசாக ஒரு பள்ளம் மட்டும் பதிந்திருந்தது, தோல் கிழியவில்லை. விலா சீராக ஏறி இறங்கியது.

வீட்டுக்காரர் அறை வாசலில் வந்து நின்று, சத்தமில்லாமல், "முடிஞ்சுதா?" என்று வாயசைத்தார். அக்கா அந்தக் காய்ந்த பஞ்சை எடுத்துத் தன் முழங்கையின் உள்பக்கத்தில் வைத்தாள். கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.