அத்தைக்கு வந்தது அம்மை இல்லை

வேப்பிலைப் படுக்கையில் கிடந்த அத்தையின் உதடுகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. வெந்ததுபோல் புண்ணாகி, ஒரு மடக்கு இளநீர் இறங்குவதே பெரும்பாடாக இருந்தது. அப்பாவுக்கு ஒரே தங்கை அவள். குற்றாலத்தில் சாரல் காலத்தில் அருவியில் நின்றபடியே வலிப்பு வந்து விழுந்தவளுக்குத் தென்காசியில் ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். சில வாரங்களில் காய்ச்சல், கண் சிவப்பு, உடம்பெல்லாம் கொப்புளம். பார்த்தவர்கள் எல்லாரும் அம்மை என்றார்கள். வாசலில் வேப்பிலை செருகினோம். அம்மை கண்ட வீட்டில் மருந்து கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தோல், அடியில் விரித்திருந்த வாழையிலையோடு ஒட்டிக்கொண்டு வந்தபோதும் ஆஸ்பத்திரி என்று யாரும் வாய் திறக்கவில்லை. அத்தை போய்விட்டாள். அம்மன் அழைத்துக்கொண்டாள் என்றது ஊர். அன்றிலிருந்து ஆடிதோறும் அப்பா கூழ் ஊற்றுகிறார். இதென்ன புதுப் பக்தி என்று நான் கேலி செய்ததுண்டு.

போன மாதம் என் மகளுக்கு வலிப்பு வந்தது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நரம்பு டாக்டர் மாத்திரை எழுதுமுன், குடும்பத்தில் யாருக்காவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோல் உரிந்ததுண்டா என்று கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை என்று பட்டென்று சொல்லிவிட்டேன். பின்னால் நின்ற அப்பா, “என் தங்கச்சிக்கு உரிஞ்சுது சார். அவளும் வலிப்பு மாத்திரைதான் சாப்ட்டா” என்றார்.

அது அம்மை அல்லவா என்று திரும்பினேன்.

“மருந்து குடுக்கக் கூடாதுன்னாவ. திரும்ப வலிப்பு வந்துருமேன்னு நான்தான் அந்த மாத்திரைய ஒருத்தருக்கும் தெரியாம இளநியில கரைச்சுக் குடுத்தேன்ட்டி. ஆத்தா கோவிச்சுக்கிட்டா.”

இத்தனை காலமும் ஊற்றிய கூழ் மன்னிப்புக் கேட்டு ஊற்றியது என்று அப்போதுதான் புரிந்தது.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். சிலருக்குப் பிறவியிலேயே ஒரு மரபணு அமைந்திருக்கும், அவர்களில் சிலருக்கு இந்த வகை வலிப்பு மாத்திரையே தோலைத் தின்னும், அது வழிவழியாக வரக்கூடியது, ரத்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் மருந்து என்றார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. என் மகளுக்கு அந்த மரபணு இருக்கிறது. வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் காலையில் எழுந்ததும் அவள் கைகளைத் திருப்பிப் பார்க்கிறேன், வாயைத் திறக்கச் சொல்கிறேன். பள்ளிக்கு நேரமாகிறது என்று எரிந்து விழுகிறாள்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அப்பம் நான் குடுக்காம இருந்திருந்தா, அவ இருந்திருப்பாளோ?”

நீங்கள் வாயைத் திறந்ததால்தான் உங்கள் பேத்தி தப்பித்தாள் என்றேன். அது உண்மைதான். ஆனால் அவர் கேட்டது அதுவல்ல.