டி.வி. பெட்டியைக் குளிர வைத்தது

எங்கள் ஊராட்சிக்கு டி.வி. பெட்டி வந்தபோது நான் அங்கே எழுத்தர். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே ஒன்பது மைல், ஏரிக்கரை. பெட்டிக்கு நான்கு கால், திருப்பி இயக்க நான்கு திருகு, முன்பக்கம் இரண்டு மரக்கதவு. முதல் நாள் பார்க்க வந்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர்.

பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, அலுவலகம் பெருக்கும் அம்மாவுக்கு வந்தது. அவர் வீட்டுக்காரர் ஏரியில் மீன் பிடிப்பவர். அந்த அம்மா எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் அவருக்காக ஒரு பலகை எழுதினேன். ‘நிகழ்ச்சி முடிந்ததும் பெட்டியை அணைக்கவும்.’

“இன்னா நைனா இப்டி எழுதிக்கீற? ஆம்பள தண்ணி மேல போயிருக்கசொல, எரியிறத அணைன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?”

“இது விளக்கு இல்லம்மா.”

“வெளிச்சம் வருதுல்ல?”

‘நிறுத்தவும்’ என்று மாற்றினேன்.

“அதான் நாலு காலு மேல நின்னுக்கினு கீதே” என்றார்.

மூன்றாவதாக, ‘சாத்தவும்’. கோயில் நடையைச் சாத்துகிறோம், கடையைச் சாத்துகிறோம். பெட்டிக்கோ கதவே இருக்கிறது. அவருக்குப் பிடித்துவிட்டது. எனக்கும்தான்.

அன்று நிகழ்ச்சி முடிந்ததும் அவர் சத்தத்தைக் குறைத்தார், கதவு இரண்டையும் சாத்தினார், வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு நான் கதவைத் திறந்தால் திரை வெள்ளையாகப் பொரிந்துகொண்டிருந்தது. பெட்டியின் முதுகில் கை வைக்க முடியவில்லை. பன்னிரண்டு மணி நேரம் எரிந்திருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் ஒற்றைக் கோடாகச் சுருங்கிப் போனது.

ஒன்றியத்திலிருந்து அதிகாரி வந்தார்.

“படிப்பில்லாத பொம்பளைய வெச்சா இப்படித்தான். அவள அனுப்பிட்டு வேற ஆளப் போடுய்யா.”

“அவங்க படிச்சாங்க சார். எழுதியிருந்தத அப்படியே செஞ்சாங்க. எழுதினது நான்.”

“வியாக்கியானம் பண்ணாத. எழுத்துல குடு.”

ஒன்பது வரியில் கொடுத்தேன். ஆளை நீக்குவதென்றால் பலகை எழுதியவனை நீக்க வேண்டும் என்பது ஏழாவது வரி. என் பதிவேட்டில் ஒரு கண்டனம் ஏறியது. அந்த அம்மாவுக்கு வேலை நிலைத்தது.

இருபத்து மூன்று நாள் கழித்துப் பெட்டி பழுது பார்த்து வந்தது. அந்த அம்மா அதன் முதுகைத் தொட்டுப் பார்த்தார்.

“அன்னிக்கு எப்டிக் கொதிச்சிச்சி, பாவம். சாமி வெளக்க குளிர வெக்கிறோம்ல நைனா, இத்தயும் அந்த மாரி குளிர வெச்சிட்டுத்தான் போவணும்.”

பழைய வரியை அழித்தேன். ‘வலக்கோடித் திருகை இடப்பக்கம் முழுவதும் திருப்பி, பெட்டியைக் குளிர வைக்கவும்.’ அன்று முதல் அவர் திருகைத் திருப்பிவிட்டு, முதுகில் கை வைத்து, சூடு இறங்கிய பிறகே கதவைச் சாத்தினார்.

அடுத்த முறை வந்த அதிகாரி பலகையை இரண்டு தரம் படித்தார்.

“என்னய்யா இது, குளிர வைக்கிறது? ஆஃப்னு எழுது.”

“மாத்த மாட்டேன் சார். இது அவங்களுக்குப் புரியுது. ஆஃப்னு எழுதி நாளைக்கு ஒண்ணு ஆனா, மறுபடி அவங்களத்தான் அனுப்பச் சொல்லுவீங்க.”

“இன்னொரு கண்டனம் வரும்.”

“வரட்டும் சார். எனக்கு வரட்டும்.”

வந்தது. ஓய்வு பெறும்வரை என் பதிவேட்டில் இருந்தவை அந்த இரண்டு மட்டுமே. இரண்டுக்கும் நான் வருத்தம் தெரிவிக்கவில்லை.